தாய்ப்பார் எது? மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிக் குடம்பிகளும் ஊவா மலைநாடும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த மலைநகர். அத்தகைய ஊரைச் சார்ந்து நின்று கடல்வாழ் சிற்றுயிர்களின் வரலாற்றை ஆராய முற்படுவது முதற்கண் வியப்பளிக்கலாம். ஆயின் ஊவாத் தோட்டங்களையும் மன்னார்க் கடலையும் இணைக்கும் தொடர்புகள் பலவாகும். அவற்றுள் முதலாவது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, யூலை முதல் செப்ரெம்பர் வரை வறண்ட காற்றாக ஊவாவின் மீது இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் தேடித்தந்த நறுமணம் இக்காற்று வீசும் காலத்துக் கொழுந்துக்கே உரியது. அதே பருவக்காற்று மன்னார்க் குடாவில் அலைகளை எழுப்பிக் கடலடி மணலைக் கலக்கி, அங்கு ஒட்டிக்கிடக்கும் இளஞ்சிப்பிகளைக் கோடிக்கணக்கில் அழித்துவிடுகின்றது. ஒரே காற்று மலையில் செல்வமாகவும் கடலில் இழப்பாகவும் அரசாங்கத்தின் கணக்கேட்டில் பதிவாயிற்று.

இரண்டாவது தொடர்பு மனிதர் பற்றியது. ஊவாத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் முன்னோருட் பெரும்பாலோர் முத்துப்பார்கள் கிடக்கும் இக்கடலையோ, அதனை அடுத்த பாக்குநீரிணையையோ கடந்து இலங்கையை அடைந்தவர்கள். மூன்றாவது தொடர்பு அறிவுவரலாறு சார்ந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வித்துகள் எங்கிருந்து வந்து எங்கு படிகின்றன என்ற வினா, இலங்கையில் ஒருமுறை ஊவாவின் கோப்பித் தோட்டங்களிலும், மற்றொருமுறை மன்னாரின் முத்துப்பார்களிலும் எழுந்தது. அவ்வினாவை எழுப்பியோர் யாவர், யாருடைய தேவைக்காக எழுப்பினர், கிடைத்த விடையால் யார் பயனடைந்தனர் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

2. குடம்பியின் பயணம்

முள்ளந்தண்டற்ற கடல்விலங்குகளுட் பல, வளர்ந்த நிலையில் ஓரிடத்தில் ஒட்டியோ மெல்ல ஊர்ந்தோ வாழ்வன. அவை புதிய இடங்களைச் சென்றடைவது பெரும்பாலும் இளம்பருவத்திலேயே ஆகும். இப்பருவ உயிரைக் குடம்பி என்பர். முத்துச்சிப்பி இதற்குத் தக்க சான்று. ஆண் சிப்பியும் பெண் சிப்பியும் தத்தம் வித்துகளைக் கடல்நீரிலேயே விடுகின்றன. கருக்கட்டலும் நீரிலேயே நிகழ்கின்றது. முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்களவேயாகும். ஏறத்தாழ ஒரு நாளில் ஈரோடு தோன்றுகின்றது. அதன்பின் குடம்பி நுண்மயிர்களை அசைத்து நீந்துகின்றது. எனினும் அதன் நீந்தும் ஆற்றல் நீரோட்டத்தை எதிர்க்கப் போதாது. மூன்று வாரமளவிற் காலொன்று உருவாகின்றது. பொருத்தமான கல்லையோ சிப்பியோட்டையோ அது தேடி, நூல்போன்ற இழைகளாற் பற்றிக்கொண்டு நிலைபெறுகின்றது. தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் முதன்முதலாகப் பொரிக்க வைக்கப்பட்டபோது இப்படிநிலைகள் நாள்வாரியாக அவதானிக்கப்பட்டன. முட்டையிலிருந்து ஒட்டிக்கொள்ளும் நிலைவரை அங்கு ஏறத்தாழ 24 நாட்கள் சென்றன.

இம்மூன்று வாரங்களே இங்கு ஆராயப்படும் வினாவின் மையமாகும். நீரோட்டம் நொடிக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் ஒரே திசையிற் செல்வதாகக் கொள்வோமாயின், அது நாளொன்றுக்கு எட்டரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேலாகவும், 20 நாட்களில் 170 கிலோமீற்றருக்கு மேலாகவும் செல்லும். அரிப்புக் கரைக்கு அப்பாலுள்ள இலங்கைப் பார்களுக்கும் தூத்துக்குடிப் பார்களுக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். எனவே ஒரு கரையிற் பிறந்த குடம்பி மறுகரையிற் குடியேறுதல் கணக்களவில் இயலாததன்று. ஆயின் நீரோட்டம் நேர்கோட்டிற் செல்வதில்லை. பருவத்திற்கேற்பத் திசை மாறும், சுழலும், பிறந்த இடத்திற்கே குடம்பியைத் திருப்பிக் கொணர்தலும் கூடும். இயலும் என்பது வேறு, நிகழ்ந்தது என்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே மன்னார் முத்துக்குளிப்பின் வரலாறு அமைந்துள்ளது.

3. வெறுமையான ஆண்டுகள்

கொற்கை முத்தின் புகழ் சங்க இலக்கியத்தாலும் கிரேக்க, உரோம ஆசிரியர் குறிப்புகளாலும் நன்கறியப்பட்டதே. இங்கு மனங்கொளத்தக்கது அப்புகழன்று. முத்துக்குளிப்பு ஒருபோதும் ஒழுங்கான வருவாயாக அமையவில்லை என்பதேயாகும். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பிரித்தானியர் முதல் மூன்று ஆண்டுகளிலும் பெருங்குளிப்புகளை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பிற் கடலை நோக்கி ஒரு மாளிகையே எழுப்பினார். எனினும் 1837இற்குப் பின்னர் 1855 வரை குளிப்பு எதுவும் நடைபெறவில்லை. மீண்டும் 1864 முதல் 1873 வரை பார்கள் வெறுமையாகக் கிடந்தன. 1891இல் ஒரு பெருங்குளிப்பு நிகழ்ந்தபின் 1903 வரை மற்றொரு இடைவெளி நேர்ந்தது.

இவற்றுள் முதல் இடைவெளி மலைநாட்டு வரலாற்றிற்கும் முக்கியமானது. முத்து வருவாய் அற்றுப்போன 1838 முதல் 1854 வரையான காலமே கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவி, தமிழகத்துத் தொழிலாளர் ஆண்டுதோறும் பல்லாயிரவராகக் கடல்கடந்த காலமுமாகும். மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிற் பசியாலும் பேதியாலும் மாண்டோர் பலர். முத்துக்கு ஈடாகக் கோப்பி வந்தது என்று கூறுவது மிகைப்படக் கூறலாகும். ஆயினும் கடலடிச் செல்வம் நம்பத்தகாதது எனக் கண்ட ஆட்சி, மலைச்சரிவின் செல்வத்தை நம்பத் தொடங்கியது என்பது ஆண்டுகளின் ஒழுங்கிலிருந்தே புலனாகும்.

சிப்பிகள் ஏன் மறைகின்றன என்பதை ஆராய அரசாங்கம் முதலில் நியமித்தவர் இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கையறிஞருமாகிய எட்வேட் பிரெடெரிக் கெலாட் ஆவார். இவர் அதற்கு முன்னர் நுவரெலியாவில் இருந்து மலைநாட்டு விலங்குகள் பலவற்றை முதன்முறையாக விவரித்தவர். 1857 முதல் திருகோணமலையிலும் முத்துப்பார்களிலும் ஆய்வு நடத்திய இவர், சிப்பி தன் பற்றிழைகளை விடுவித்துக்கொண்டு இடம்பெயர வல்லது என்பதை அவதானித்தார். 1860இல் கடற்பயணத்தின்போது அவர் இறந்தார், ஆய்வும் இடையறவுபட்டது. வளர்ந்த சிப்பி எவ்வளவு தூரம் நகரும் என்பதையே அக்கால ஆய்வு முதன்மையாக நோக்கிற்று. குடம்பியைப் பின்தொடரும் வழி அன்று எவரிடமும் இருக்கவில்லை.

4. மடுல்சீமையின் வித்துகள்

இவ்விடத்து ஊவாவின் பக்கம் திரும்புதல் வேண்டும். 1869இல் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. அதுவே பின்னர் இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய். பேராதனைப் பூங்காவிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டு இங்கிலாந்தில் அப்பூஞ்சணம் அதே ஆண்டிற் பெயரிடப்பட்டது. அது எவ்வாறு பரவுகின்றது என்பது பத்தாண்டு கழிந்த பின்னரே தக்கவாறு ஆராயப்பட்டது. 1880இல் வந்த ஹாரி மார்ஷல் வோட் என்னும் இளம் அறிஞர், கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிற் காற்றுப்பட வைத்து, அவற்றில் ஒட்டிய வித்துகளை நுண்காட்டியில் எண்ணினார். வித்துகள் காற்றில் வருகின்றன என்பதும், இடைவெளியின்றி ஒரே பயிர் நடப்பட்ட மலைச்சரிவுகளில் அவை தடையின்றிப் பரவுகின்றன என்பதும் இவ்வாறு நிறுவப்பட்டன. ஆயின் விடை கிடைத்தபோது கோப்பி காக்கும் நிலையைக் கடந்திருந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டங்களிலேயே தங்கி ஆண்டு முழுவதும் உழைக்கும் தொழிலாளர் குடும்பங்கள் அதற்குத் தேவைப்பட்டன.

கண்ணாடித் தகட்டில் வித்தைப் பிடிக்கும் இம்முறையும் கடலிற் குடம்பியைப் பிடிக்கும் முறையும் கருத்தளவில் ஒன்றே. பிரித்தானியப் படைமருத்துவர் யோன் வோன் தொம்சன் 1816ஆம் ஆண்டளவிலேயே மெல்லிய துணிவலையைக் கடலில் இழுத்துக் குடம்பிகளைச் சேகரித்தார். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு இளமையில் நீந்தித் திரியும் உயிர் என்பதை அவர் பின்னர் வெளிப்படுத்தினார். வந்து சேர்ந்ததைப் பிடிக்க வலையும் தகடும் போதும். அது புறப்பட்ட இடத்தை அறிய அவை போதா. மடுல்சீமையிலும் மன்னாரிலும் அறிவியல் இவ்வெல்லையிலேயே நின்றது.

5. பெரிய பாரும் தாய்ப்பாரும்

1902 யனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் விலங்கியற் பேராசிரியர் வில்லியம் ஹேட்மன், உதவியாளர் ஜேம்ஸ் ஹோணெலுடன் இலங்கை வந்தார். லேடி ஹவ்லொக் என்னும் நீராவிக்கப்பலிற் பார்களை ஆராய்ந்தபின் ஏப்பிரலில் அவர் நாடு திரும்ப, ஹோணெல் இங்கு தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவர்தம் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக இலண்டன் அரச கழகத்தால் வெளியிடப்பட்டது.

அவ்வாய்விற் பெரிய பார் பற்றிய பகுதி நம் கவனத்திற்குரியது. மேற்கே ஆழ்கடலின் விளிம்பில், பத்துப் பாக ஆழக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் பரந்த பார் அது. 1880 முதல் குறைந்தது 11 முறை அங்கு இளஞ்சிப்பி பெருவாரியாக விழுந்திருந்தும் ஒருமுறையேனும் குளிப்புக்குரிய வளர்ச்சியை எய்தவில்லை. 1902 மார்ச்சில் எண்ணற்ற இளஞ்சிப்பிகள் அங்கு காணப்பட்டன. நவம்பரில் அவை இல்லை. இப்பாரைக் கரையோரத்தார் தாய்ப்பார் என்ற பொருள்பட வழங்கினர். இங்குத் தோன்றி மறையும் இளஞ்சிப்பிகள் கரையை நோக்கிச் சென்று சேவல் பார், மோதரகம் பார் முதலிய உட்பார்களை நிரப்புகின்றன என்பது அவர்தம் நம்பிக்கை. ஹேட்மன் அதனை ஆராய்ந்து அடிப்படையற்றதென ஒதுக்கினார். அச்சிப்பிகள் எங்கும் செல்லவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைமோதலில் மணலுள் அமிழ்ந்து மடிகின்றன என்பது அவர் முடிவு.

ஹேட்மன் கூறியது பெரிய பாரைப் பொறுத்தவரை சரியே. ஒட்டிக்கொண்ட இளஞ்சிப்பிகள் கூட்டமாகப் பல கிலோமீற்றர் செல்லமாட்டா; முதிருமுன் மடிவன பிற பார்களுக்கு வித்தளிக்கவும் மாட்டா. ஆயின் சுழியோடிகளின் கூற்றில் இரண்டு கருத்துகள் அடங்கியிருந்தன. பெரிய பாரே தாய் என்பது ஒன்று. ஒரு பாரின் வளம் பிறிதொரு பாரைச் சார்ந்தது, அதாவது பார்களுக்குத் தாய் உண்டு என்பது மற்றொன்று. முதலாவது பிழை. இரண்டாவது, இன்றைய கடலுயிரியல் முதன்மைப்படுத்தும் கருத்தாகும்: வித்தளிக்கும் வாழிடங்களும் உண்டு; பெறுவதன்றித் தராத வாழிடங்களும் உண்டு; எது எதுவெனப் பிரித்தறிதலே பாதுகாப்பின் முதற்படி. பெரிய பார் பெறுவதன்றித் தராத இடமாயின், அங்கு 11 முறை விழுந்த கோடானுகோடிக் குஞ்சுகளை ஈன்ற பார் எது? முதலாவது கருத்தை மறுத்த அறிஞர் இரண்டாவது எழுப்பிய வினாவைத் தம் ஆய்வின் மையத்தில் வைக்கவில்லை. குஞ்சுகள் ஏராளமாக வந்துகொண்டே இருக்கும். அவற்றை அழியவிடாது பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுவதும், ஒட்டுதற்குக் கற்களை இடுவதுமே வேண்டுவன என்பது அவர் பரிந்துரைகளின் சாரம். வரவைப் பற்றிய ஐயம் அதில் இடம்பெறவில்லை.

6. குத்தகை

இதன் விளைவு விரைவிற் புலனாயிற்று. 1903 முதல் தொடர்ந்து குளிப்புகள் நடந்தன. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்திற்கு 25 இலட்சம் ரூபா வருவாய் கிட்டியது. கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் யாழ்ப்பாணத்தவரும் பாரசீகக் குடாவின் அராபியரும் காலிற் கல் கட்டி இறங்கி எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவர்களுக்கு. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்தின் கொட்டுக்குச் சென்று ஏலமாயிற்று. சுறாவைக் கட்டுப்படுத்துவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கும் உரிய இடம் இருந்தது. கடலின் ஆபத்தை அரசாங்கம் ஏற்கவில்லை. கடலடியை மட்டும் தனதெனக் கொண்டது. இலங்கை முத்துப்பார்கள் உடைமையாகத் தக்கவை என்பதை 1758இலேயே ஐரோப்பிய சட்ட அறிஞர் வத்தெல் எடுத்துக்காட்டாகக் கூறியிருந்தார் என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

1906இல் அரசாங்கம் பார்களை 20 ஆண்டுக்கு இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனிக்கு ஆண்டொன்றுக்கு 310,000 ரூபா குத்தகைக்கு விட்டது. அறிவியல் முறையிற் பார்களைப் பேணி ஆண்டுதோறும் விளைச்சல் பெறலாம் என்பதே அம்முதலீட்டின் அடிப்படை. 1907இற்குப் பின்னர் குளிக்கத்தக்க சிப்பி கிடைக்கவில்லை. 1912இற் கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த குளிப்பு 1925இலேயே நடைபெற்றது. அதன்பின் 1958இல் ஒன்று. இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததே அங்கு நிகழ்ந்த இறுதிக் குளிப்புத் தொடராகும்.

கம்பனி பெற்றது கடலடியின் உரிமை. பாரை நிரப்பும் உயிரோ கடலடியில் இல்லை. மூன்று வாரம் நீரில் மிதந்து வருவது. கடலடியை உரித்தாக்கலாம், குத்தகைக்கு விடலாம், எல்லையிடலாம். குடம்பியின் வரவை எந்த உடன்படிக்கையாலும் உறுதிசெய்ய இயலாது. காலனித்துவ அறிவியலின் குறை, ஹேட்மனின் திறமைக் குறைவன்று. இவ்வாண்டு எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டவர்களுக்கு அது விடை கூறிற்று. எதனை எடுக்காது விடவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

7. இன்றைய அறிவும் நேற்றைய எல்லையும்

பின்வந்த அறிவு வினாவைக் கூர்மையாக்கியுள்ளது. குடம்பியின் ஓட்டில் அது பிறந்த நீரின் நுண்கனிமங்கள் பதிகின்றன. அவற்றை அளந்து பிறப்பிடத்தை ஊகிக்கலாம். தென் கலிபோணியக் கரையில் இருவகை மட்டிகளை இம்முறையால் ஆராய்ந்தோர், நெருங்கிய இனங்களாயினும் அவற்றின் குடம்பிகள் வெவ்வேறு வழிகளிற் பரவுகின்றன என 2007இல் வெளியிட்டனர். மரபணு ஒப்பீடும், நீரோட்டங்களைக் கணினியிற் கணித்தலும் இன்று கைக்கொள்ளப்படும் பிற வழிகள். ஓரினத்தின் விடையை மற்றோரினத்திற்கு இரவல் கொள்ளுதல் தகாது. மன்னார்ச் சிப்பிக்கு மன்னார் நீரிலேயே விடை காணல் வேண்டும். அவ்விடை ஒரு கரையில் மட்டும் நின்று காணத்தக்கதுமன்று. ஹோணெல் முதலில் இலங்கையிலும் பின்னர் சென்னை மாகாணத்திலும் பணியாற்றியமையால் இரு கரைகளின் பார்களையும் ஒருவரே காணும் வாய்ப்பு அன்று இருந்தது. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை மன்னார்க் குடாவில் எல்லைக்கோடு வரைந்தது. அதனால் எண்ணுவோரும் எண்ணிக்கையும் இரு பக்கமாகப் பிரிந்தன, குடம்பிகள் பிரியவில்லை.

அவ்வெல்லை தனித்து நிகழ்ந்ததன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரை, 1964 ஒக்ரோபர் உடன்படிக்கை இரு அரசுகளுக்குமிடையே பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவிற்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 யனவரியிற் சரிபாதியாக்கினர். அதே ஆண்டு யூனில் பாக்குநீரிணையின் எல்லை வரையப்பட்டது. மக்களையும் கடலையும் பிரித்த பேச்சுகள் ஒரே காலத்தவை. ஒரே அரசுகளுக்கிடையே நிகழ்ந்தவை. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் புகையிரத நிலையங்களில் உறவினரின் அழுகையிடையே ஏறியோர் தலைமன்னாரில் இறங்கி, இராமேசுவரக் கப்பலில் அக்கடலை மறுதிசையிற் கடந்தனர். 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

மனிதரைக் குடம்பிக்கு ஒப்பிடுதல் எம் நோக்கமன்று. குடம்பி நீரோட்டத்தின் வழியே செல்வது. தொழிலாளர் வறுமையாலும் கங்காணியின் முற்பணத்தாலும் ஆட்சியின் ஆணையாலும் செலுத்தப்பட்டோர், தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொண்டோர். ஒப்பிடத்தக்கது இரண்டையும் நோக்கிய ஆட்சியின் பார்வையே. வரவு தடைப்படும்போது மட்டும் அது எங்கிருந்து என்று கேட்டது. தேவை தீர்ந்தபோது யாருடையது என்று கேட்டது.

8. முடிவுரை

மன்னார்க் குடா முத்துச்சிப்பியின் வரலாற்றிலிருந்து பெறப்படுவன இரண்டு. கடலோடியின் மரபறிவு ஒரு கூற்றிற் பிழைத்தமையால் முழுவதும் பிழையாகிவிடாது. தாய்ப்பார் என்ற சொல்லில் அடங்கிய வினா, அதனை மறுத்த அறிக்கையிலும் நீண்ட ஆயுள் உடையதாயிற்று. ஓரிடத்தின் வளம் அவ்விடத்தில் மட்டும் பிறப்பதன்று. ஆகவே அதனைப் பேணும் பொறுப்பும் ஒரு கரையின் எல்லைக்குள் அடங்காது. இரு கரை அறிஞரும் சுழியோடிகளின் வழித்தோன்றல்களும் சேர்ந்து தேடினாலன்றி எது தாய்ப்பார் என்பதற்கு விடை கிட்டாது. அக்கடலை இருமுறை கடக்க நேர்ந்த மக்களின் வழிவந்தோர்க்கு அத்தேடலில் உரிமையுள்ள அக்கறை உண்டு. ஊவாப் பள்ளிகளில் உயிரியல் கற்கும் மாணவர் அதற்கு அயலாரல்லர்.